எக்செல்லில் கிடக்கும் வாடிக்கையாளர் பட்டியலை சிஆர்எம்மில் ஏற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

கோவை_மோட்டார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் எங்கள் குடும்பம் மோட்டார் பம்பு, உதிரிபாகங்கள் மொத்த விற்பனை செய்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் தொடங்கி பாலக்காடு வரை டீலர்கள் இருக்கிறார்கள். கடைக்கு நேரில் வந்து வாங்கும் விவசாயிகளும் உண்டு. அண்மையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வேலையை விட்டுப் போனார். பாலக்காட்டுப் பக்கத்து டீலர்களின் எண்களில் பாதி அவருடைய கைப்பேசியோடு போய்விட்டது. இனிமேல் எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று அப்பா ஒத்துக்கொண்டார். அவரைச் சம்மதிக்க வைத்ததே பெரிய வேலை.

ஒவ்வொரு பிரதிநிதியிடமும் ஓர் எக்செல் தாள் இருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளில் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு சிஆர்எம்மின் (வாடிக்கையாளர் விவரங்களை ஓரிடத்தில் வைத்திருக்கும் மென்பொருள்) சோதனைக் கணக்கில் ஏற்றிப் பார்த்தேன். ஒரே ஆள் மூன்று பெயர்களில் நிற்கிறார். சில தொலைபேசி எண்கள் 9.19843இ+11 என்று வருகின்றன. தமிழில் தட்டிய ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிட்டன. ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்கிறது. நம் ஆட்களின் பெயரை எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. எதை அடையாளமாக வைத்து நகல் பதிவுகளைக் கண்டுபிடிப்பது? பழைய ஆட்கள் எல்லோரையும் ஏற்றத்தான் வேண்டுமா?

மதுரை_பதிவேடு எழுதியது:

தம்பி, முதலில் அந்த மென்பொருளை மூடி வையுங்கள். உங்கள் வேலையின் பெரும்பகுதி எக்செல்லில் முடிய வேண்டியது. விவசாயக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் வாடிக்கையாளர் பதிவுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எந்த சிஆர்எம் வாங்கினாலும் உள்ளே போவது அழுக்காக இருந்தால் விற்பனைப் பிரதிநிதிகள் ஒரே மாதத்தில் தங்கள் சொந்தக் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள். அப்புறம் அவர்களை மீட்டுக் கொண்டுவருவது மிகக் கடினம். அதனால் முதல் தடவையே சுத்தமாக ஏற்றுங்கள்.

எண்களிலிருந்து தொடங்குவோம். 91 சேர்த்த கைப்பேசி எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். பொது வடிவில் இருக்கும் கட்டத்தில் பதினோரு இலக்கத்துக்கு மேல் போனால் எக்செல் அதைச் சுருக்கி 9.19843இ+11 என்று காட்டும். உள்ளே முழு எண் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும். அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டால் கடைசி இலக்கங்கள் திரும்பி வாரா. எனவே மூல எக்செல் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் அந்த நெடுவரிசையை தசமம் இல்லாத எண் வடிவத்துக்கு மாற்றிய பிறகு சேமியுங்கள். சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி வேண்டாம், ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறியாக மாறியதற்குக் காரணம் அந்த வெறும் சிஎஸ்விதான். சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறக்கவும் வேண்டாம். 0422 என்பதன் முன் பூஜ்யத்தை எக்செல் அப்போதே தின்றுவிடும். ‘டேட்டா’ பட்டியலில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழி இருக்கிறது. அதில் நெடுவரிசையை உரை என்று குறித்துத் திறக்கலாம்.

அடுத்து, இடைவெளி, கோடு, கூட்டல் குறி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ரைட் ஃபார்முலாவால் கடைசிப் பத்து இலக்கத்தைத் தனி நெடுவரிசையில் எடுங்கள். கைப்பேசி எண் என்றால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எஸ்டிடி குறியீடுகள் 04இல் தொடங்குகின்றன. ஆகவே உங்கள் பட்டியலில் 4இல் தொடங்கும் பத்து இலக்கம் தரைவழி எண். அதை வேறு நெடுவரிசைக்குத் தள்ளுங்கள். பிறகு கவுன்ட்இஃப் போட்டால் எந்த எண் எத்தனை முறை வருகிறது என்பது தெரியும்.

ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கை அதிகமாக இருப்பவற்றை முதலில் கண்ணால் பாருங்கள். 9999999999, 9876543210 என்று நிரப்பிய பதிவுகள் நிச்சயம் இருக்கும். எண் கேட்க முடியாத நேரத்தில் பிரதிநிதிகள் எதையாவது தட்டிவிட்டுப் போவார்கள். அவற்றை வெறுமையாக்காமல் நகல் நீக்கும் கருவியை ஓட்டினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத டீலர்கள் எல்லாம் ஒரே ஆளாக இணைந்துவிடுவார்கள். இணைப்பது ஒரு சொடுக்கு. பிரிப்பதற்கு ஒவ்வொரு விலைப்பட்டியலையும் தேடி எடுக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜோஹோ, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இரண்டு சிஆர்எம்களிலுமே லீட் (இனி வாங்கக்கூடியவர்), கான்டாக்ட் (தொடர்பில் உள்ள ஆள்) பதிவுகளில் லாஸ்ட் நேம் கட்டாயம். ஃபர்ஸ்ட் நேம் விருப்பம்தான். குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காக அமைந்த ஏற்பாடு அது. நம்மவர்களுக்கு முழுப் பெயரையும் லாஸ்ட் நேம் கட்டத்தில் போடுங்கள். இன்னொரு கட்டத்தை வெறுமையாக விடுங்கள். தலைப்பெழுத்துக்கு ஒரு தனிப் புலம் (விவரம் நிரப்பும் கட்டம்) உருவாக்குங்கள். “எஸ். முருகேசன்” என்பதைப் பிரித்து ‘எஸ்’ஸை ஃபர்ஸ்ட் நேம் கட்டத்தில் போட்டால், தீபாவளி வாழ்த்து அனுப்பும் நாளில் “அன்புள்ள எஸ்” என்று போகும். அறுபது வயது டீலருக்கு அப்படி ஒரு செய்தி போகக் கூடாது. பிரதிநிதிகள் “முருகேசன் பொள்ளாச்சி”, “அம்மன் எலக்ட்ரிக்கல்ஸ் செந்தில்” என்றும் எழுதியிருப்பார்கள். ஊரை ஊர்ப் புலத்துக்கும் கடையை நிறுவனப் புலத்துக்கும் பிரியுங்கள். ஆனால் அவர்கள் வாயில் வழங்கும் அந்தப் பெயரையும் ‘அழைக்கும் பெயர்’ என்று ஒரு புலத்தில் அப்படியே வையுங்கள். அவர்கள் தேடப்போவது அந்தப் பெயரில்தான்.

டீலர்களுக்கு அடையாளம் ஜிஎஸ்டி எண். விவசாயிகளுக்கு கைப்பேசி எண். இரண்டையும் கலக்காதீர்கள்.

நெல்லை_களம் எழுதியது:

அக்கா சொன்னதில், விவசாயிகளுக்குக் கைப்பேசி எண்தான் அடையாளம் என்பதோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் விதை, உரம் விற்கும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். கிராமத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் எண் என்பது இன்னும் சாதாரணம். மகன் வெளியூரில் இருப்பார், அப்பாவின் வாங்குதலுக்கும் சித்தப்பாவின் வாங்குதலுக்கும் மகனுடைய எண்ணையே கொடுப்பார்கள். கைப்பேசி எண்ணை ‘நகல் அனுமதி இல்லை’ என்று பூட்டிவிட்டால் இரண்டாவது ஆளைப் பதிய முடியாது. வெயிலில் நின்றுகொண்டு பதிகிற பிரதிநிதி ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இப்படி உருவாகும் பொய் எண், அக்கா சொன்ன 9999999999ஐ விட ஆபத்தானது. பார்த்தால் நிஜம் போலவே இருக்கும்.

கட்டாயப் புலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சந்திப்பில் பெயர், எண், ஊர், எதைக் கேட்டார் என்ற நான்குக்கு மேல் கட்டாயமாக்காதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து இருபது புலங்களைக் கட்டாயமாக்குகிறவர்கள் ஒரு நாள் எங்களோடு இருசக்கர வாகனத்தில் வர வேண்டும்.

மதுரை_பதிவேடு எழுதியது:

நெல்லைத் தம்பி சொல்வது சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். விவசாயிகள் விஷயத்தில் எண்ணைப் பூட்ட வேண்டாம். அதே எண் ஏற்கெனவே இருந்தால் எச்சரிக்கை மட்டும் காட்டி, பதிய விடும்படி அமைக்கலாமா என்று உங்கள் மென்பொருளில் பாருங்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் நகல் விதிகளில் தடுப்பது, எச்சரித்து அனுமதிப்பது என இரு வழிகளும் உண்டு. குடும்பத்தை ஒரு கணக்காகவும் அப்பா, சித்தப்பா, மகனை அதன் கீழ் மூன்று கான்டாக்ட்டுகளாகவும் வைப்பது இன்னும் நல்லது. கடன் நிலுவை கேட்கப் போகும்போது யார் வாங்கினார் என்ற சண்டை வராது.

டீலர்களுக்கு ஜிஎஸ்டி எண் என்று சொன்னேனே, அதை விளக்குகிறேன். அந்தப் பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த பத்து எழுத்து அந்த வணிகத்தின் பான் எண். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கடை வைத்திருக்கும் டீலருக்கு முன் இலக்கங்கள் வேறாக இருக்கும், நடுவில் உள்ள பத்தும் ஒன்றாகவே இருக்கும். மிட் ஃபார்முலாவில் மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்தை எடுத்து வரிசைப்படுத்துங்கள். தனித்தனி டீலர்கள் என்று நீங்கள் நினைத்திருந்தவர்களில் யார் யார் ஒரே முதலாளி என்பது அப்போது தெரியவரும். கடன் வரம்பு முடிவு செய்ய இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை. ஒரே மாநிலத்துக்குள் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இரண்டு கடைகள் நடப்பதும் உண்டு. அங்கே கணக்கு ஒன்று, முகவரி இரண்டு என்று வையுங்கள். டேலியில் இந்த எண்கள் ஏற்கெனவே இருக்கும். அதனால் டீலர் பட்டியலுக்கு டேலியையே மூலமாக வைத்து, பிரதிநிதிகளின் தாள்களை அதனோடு ஒப்பிடுங்கள்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். முதலில் நிறுவனங்கள், அப்புறம் ஆட்கள், கடைசியாக நடப்பு என்கொயரிகள். ஒவ்வொரு பதிவுக்கும் எந்தத் தாளின் எத்தனையாவது வரி என்பதை ஒரு புலத்தில் எழுதி வையுங்கள், உதாரணமாக ‘பொள்ளாச்சி-214’. பின்னால் சந்தேகம் வந்தால் மூலத்துக்குப் போக அதுதான் வழி. முதலில் இருபது பதிவுகளை மட்டும் ஏற்றி, உங்கள் அப்பாவை உட்கார வைத்துக் காட்டுங்கள். பேரேட்டில் இருந்தவர்களின் முகம் தெரிந்தவர் அவர்தான்.

பெங்களூரு_நிர்வாகி எழுதியது:

நான் சேல்ஸ்ஃபோர்ஸ் நிர்வாகி. இந்த இழையைப் படிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அறிக்கையிலிருந்து இறக்கும் பதிவு எண் பதினைந்து எழுத்தாக இருந்தால் அதை வைத்து விலுக்கப் (ஒரு தாளில் தேடி விவரம் எடுத்து வரும் எக்செல் ஃபார்முலா) போடாதீர்கள். அதில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பதிவுகளைக் குறிக்கும்; எக்செல்லின் விலுக்கப்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒருவருடைய தொலைபேசி எண் இன்னொருவருக்குப் போய் உட்கார்ந்துவிடும். பதினெட்டு எழுத்து வடிவத்தைப் பயன்படுத்துங்கள். வேலைகளைத் தானாக நடத்தும் பழைய கருவிகளான ஒர்க்ஃப்ளோ ரூல், ப்ராசஸ் பில்டர் இரண்டுக்குமான ஆதரவு முடியும் நாளாக நிறுவனம் அறிவித்திருந்த 2025 டிசம்பர் 31 கடந்துவிட்டதையும் நினைவில் வையுங்கள். அவற்றுக்குப் பதிலான ஃப்ளோ கருவிக்கு மாற்றாதவர்கள் இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

கோவை நண்பருக்கும் பொருந்தும் செய்தி ஒன்று. 2025இல் பல பெரிய நிறுவனங்களின் சிஆர்எம் தரவுகள் திருடு போயின. மென்பொருளின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஊழியருக்குத் தொலைபேசியில் பேசி, தகவல் தொழில்நுட்பப் பிரிவு போல நடித்து, தரவு ஏற்றும் கருவியின் போலி வடிவத்துக்கு அனுமதி கொடுக்க வைத்தார்கள். கூகுள் ஜூன் மாதத்தில் இதைப் பற்றி எச்சரித்தது. தன் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கு ஒன்றும் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் அதுவே சொன்னது. ஆகஸ்டில் ட்ரிஃப்ட் என்ற அரட்டைச் செயலியின் அனுமதிச் சாவிகளைத் திருடி, அதை இணைத்திருந்தவர்களின் தரவுகளை அள்ளினார்கள். இணையப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனமே அதில் சிக்கியது.

சிறிய கடையாக இருந்தாலும் செய்ய வேண்டியவை உண்டு. மொத்தமாக இறக்கும் உரிமையை ஒருவருக்கு மேல் கொடுக்காதீர்கள். இணைத்துவிட்டு மறந்துபோன செயலிகளைத் துண்டியுங்கள். எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றைக்கே முடக்குங்கள். நீங்கள் ஏற்கெனவே பட்டிருக்கிறீர்கள், அதிகம் சொல்லத் தேவையில்லை.

கோவை_மோட்டார் எழுதியது:

அக்கா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. பான் எண்ணை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். தாராபுரத்து டீலர் ஒருவரும் பாலக்காட்டு டீலர் ஒருவரும் ஒரே முதலாளி! அப்பாவுக்கே தெரியாது. இருவருக்கும் தனித்தனியாகக் கடன் வரம்பு கொடுத்து வந்திருக்கிறோம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. ஐந்தாறு ஆண்டுகளாக எதுவும் வாங்காத விவசாயிகள் நிறைய இருக்கிறார்கள். அவர்களையும் ஏற்றி, ஏற்றியதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பலாமா?

மதுரை_பதிவேடு எழுதியது:

வேண்டாம் தம்பி. வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் உங்கள் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வார்ப்புரு மூன்றையும் பதிந்திருக்க வேண்டும். மின்னஞ்சலிலும் கெடுபிடி வந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிற எவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) அமைத்திருக்க வேண்டும். ஒரு நாளில் 5,000 அஞ்சலைத் தாண்டுகிறவர்கள் இரண்டையும், அவற்றோடு சேர்ந்து இயங்கும் டிமார்க்கையும் அமைத்து, ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும். பழைய பட்டியலுக்கு மொத்தமாக அனுப்பி, நாலு பேர் ‘ஸ்பேம்’ என்று அழுத்தினால், அப்புறம் டீலருக்கு நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியலும் அந்தக் குப்பைப் பெட்டிக்குப் போய் விழும்.

தனிநபர் தரவுச் சட்டமும் 2023இல் வந்துவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம்மைப் போன்ற சிறு கடைகளும் அதற்குள் வருகிறோம். இன்றே ஒரு புலம் சேர்த்து, இவரிடம் எப்போது, யார், எதற்காக எண் வாங்கினோம் என்று எழுதத் தொடங்குங்கள். பின்னால் தேடி எழுத முடியாது.

பழைய விவசாயிகளைத் தனி எக்செல் கோப்பில் வையுங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கியவர்களை மட்டும் இப்போது ஏற்றுங்கள். மற்றவர்களை ஊர்வாரியாகப் பிரித்து, அந்தப் பக்கம் போகும் பிரதிநிதியிடம் வாரத்துக்குப் பத்துப் பெயர் கொடுங்கள். நேரில் போய், மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டு, செய்தி அனுப்பலாமா என்றும் கேட்டு, சரி என்றவரை மட்டும் பதியட்டும். பத்து ஆண்டு ஓடிய மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை எப்படியும் இருக்கும், உதிரிபாகமும் விற்கும். பாலக்காட்டுப் பட்டியலில் இருந்து தொடங்குங்கள், அந்த எண்கள்தான் உங்களிடம் குறைவு.