மாரிக்கு முன்னம் கூடு

உவர்மலைச் சித்தி: ஐப்பசி பிறந்திட்டுது. 12 கோழிப் பேடும் நிக்கிற கூட்டை நாலு பக்கமும் தறப்பாளால மூடிவிட்டா மாரிக்குக் காணுமோ?

உப்புவெளி மாமா: நாலு பக்கமும் மூடாதை தங்கச்சி. குளிருக்கு அதுக்கு இறகு கிடக்கு. ஈரந்தான் கொல்லும். எச்சத்தில இருந்து கிளம்புற அமோனியா வெளியால போகாட்டி கண் வீங்கி மூக்கு ஒழுகத் தொடங்கும். பிறகு சளி எண்டு மருந்துக்கு அலைய வேண்டியதுதான்.

உப்புவெளி மாமா: வாடை வடகிழக்கால அடிக்கும். வடக்கையும் கிழக்கையும் மட்டும் மறை. மற்ற ரெண்டு பக்கமும் கம்பிவலையோட திறந்தே கிடக்கட்டும்.

உவர்மலைச் சித்தி: தறப்பாளை மேலயிருந்து தொங்க விடுறதோ அண்ணா?

பெரியண்ணா: இல்லைச் சித்தி, மறுவளம். கீழ் விளிம்பைச் சட்டத்தில இறுக்கிப்போட்டு, மேல் விளிம்பில கயிறு கட்டி ஏத்தி இறக்கோணும். மேல ஒரு சாண் எப்பவும் திறந்து கிடந்தா ஈரக்காத்து அதால போயிடும், குந்தி நித்திரை கொள்ளுற கோழியில காத்து நேர அடிக்காது. மேலயிருந்து தொங்கினா நடக்கிறது இதுக்கு எதிர்மாறு. ஆணியைத் தறப்பாளில நேர அறைஞ்சா காத்துக்கு ஓட்டை பெருத்துக் கிழியும். மேல ஒரு சிலாகை வச்சு அறையுங்கோ.

உவர்மலைச் சித்தி: அந்த ஒரு சாணால தூவானம் வராதோ?

பெரியண்ணா: தாழ்வாரம் 3 அடி நீட்டினா வராது. இப்ப உங்கட கூட்டுக்கு ஒண்டரை அடி கூட இல்லை.

உப்புவெளி மாமா: கூரையையும் ஒருக்கா ஏறிப் பாருங்கோ. தகரத்தில ஆணி மேட்டில இருக்கோணும், குழியில இருந்தா அதாலதான் ஒழுகும். றப்பர் வொஷர் வெடிச்சிருந்தா மாத்துங்கோ. நாலு மூலையையும் தடிச்ச கல்வனைஸ் கம்பியால நிலத்தில 2 அடி இறக்கின கட்டையோட கட்டுங்கோ. சும்மா கம்பி உப்புக்காத்துக்கு உக்கிப் போகும். 1964 டிசம்பர்ப் புயலும் 2020 டிசம்பரில புரெவிப் புயலும் எங்கட திருகோணமலைக் கரையாலதான் ஏறினது, மறக்க வேண்டாம்.

கனடா மச்சான்: மாமி, இங்க மைனஸ் 20இலயும் கூட்டின்ர மேல் துவாரத்தை அடைக்க மாட்டினம். உள்ளுக்க ஈரம் தேங்கினாத்தான் கொண்டை விறைச்சுக் கறுக்கும். குந்துற சட்டத்தை 4 அங்குலப் பக்கம் மேல வாற மாதிரிப் படுக்கையாப் போடுவினம், விரலெல்லாம் வயித்து இறகுக்குள்ள மறையும். உங்களுக்கு அது தேவையில்லை, 2 அங்குலம் காணும், விளிம்பை மட்டும் சீவி உருட்டிவிடுங்கோ. ஒரு கோழிக்கு 8 அங்குல நீளம்.

உவர்மலைச் சித்தி: சூட்டுக்கு பல்பு போடட்டோ?

பெரியண்ணா: பேடுகளுக்கு வேண்டாம். குஞ்சுக்கு மட்டும். முதல் கிழமை 35 பாகை, பிறகு கிழமைக்கு 3 பாகையாக் குறைச்சு வாங்கோ. 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்ஈடி பல்பு போட்டிட்டுக் குஞ்சு ஒண்டோட ஒண்டு ஏறிச் செத்துப்போச்செண்டு ஆக்கள் கேக்கினம். அதில வெளிச்சம் வரும், சூடு வராது.

கனடா மச்சான்: பல்பைச் சங்கிலியில தொங்க விடுங்கோ. வயரில தொங்கினா ஒருநாள் உமியில விழுந்து பத்தும்.

உவர்மலைச் சித்தி: மார்கழியில முட்டை குறையுறதும் குளிராலயோ?

பெரியண்ணா: குளிரில்லை, வெளிச்சம். இங்க அப்ப பகல் 12 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதோட மப்பும் மந்தாரமும். சில பேடு இறகு கொட்டுற காலம் வேற. விடிய 3 மணிக்கு ஒரு சின்ன எல்ஈடி எரிய விட்டா 15 மணித்தியாலம் வரும். பின்னேரம் கூட்டாதேங்கோ, திடீரெண்டு அணைஞ்சா கோழி மேல ஏறத் தெரியாமல் நிலத்தில கிடக்கும்.

உப்புவெளி மாமா: கோழியளுக்கு அம்மை ஊசி போட்டாச்சோ? மழையோட நுளம்பு பெருகும், அதுதான் காவும். செட்டைச் சவ்வில குத்துறது. 7 முதல் 10 நாளில குத்தின இடத்தில சின்னப் பொருக்குத் தெரியோணும், இல்லாட்டி ஊசி பிடிக்கேல்லை. கலக்கின போத்தலை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கோணும், அதால அயலாரையும் சேர்த்து மிருக வைத்தியர் அலுவலகத்தில கேளுங்கோ. சோர்ந்து நிக்கிற கோழிக்குப் போட வேண்டாம்.

உவர்மலைச் சித்தி: சரி. தீன் ஒரு மாதத்துக்கு வாங்கி வைக்கட்டோ?

பெரியண்ணா: ஐயோ வேண்டாம். 12 பேடு நாளுக்கு ஒண்டரைக் கிலோவுக்குள்ளதான் தின்னும், 25 கிலோப் பை 17 நாள் போகும். அதுக்கு மேல வச்சா மாரியில பூஞ்சணம். பூஞ்சணம் பிடிச்ச தீனைக் காய வச்சாலும் நஞ்சு போகாது, எறியுங்கோ. பை நிலத்திலயும் சுவரிலயும் முட்டாமல் பலகையில இருக்கட்டும்.

உப்புவெளி மாமா: உமிதான் முக்கியம். 3 அங்குலம் பரவி, ஒண்டுவிட்ட ஒருநாள் கிளறுங்கோ. ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பாருங்கோ. கையை விரிக்க மெல்ல உதிர்ந்தா நல்லது. உருண்டையா நிண்டா ஈரம் கூடிப்போச்சு, கட்டி பட்டதை அள்ளி எறிஞ்சிட்டு 10 சதுர அடிக்கு 100 கிராம் நீத்தின சுண்ணாம்பு தூவிக் கிளறுங்கோ. கோழியை வெளியால விட்டிட்டுத்தான். மணத்தையும் நிண்டு பார்த்தாச் சரிவராது, கோழியின்ர உயரத்துக்குக் குந்தியிருந்து பாருங்கோ. கண் கரிச்சா உமி மாத்துற நேரம்.

உவர்மலைச் சித்தி: கூடு 6 அடிக்கு 5 அடி. எத்தினை பை உமி?

பெரியண்ணா: மூண்டு பை. மாத்திப்போட இன்னும் ரெண்டு. தம்பலகாமம் மில்லுக்கு நாளைக்கு ஒரு லொறி போகுது, 5 பை சொல்லட்டோ?

உவர்மலைச் சித்தி: ஓம் சொல்லு.

உப்புவெளி மாமா: ஏத்த முன்னம் ஒவ்வொரு பையுக்குள்ளயும் முழங்கை மட்டும் கையை விட்டுப் பார்க்கச் சொல்லு. மேல காஞ்சிருக்கும், அடியில நனைஞ்சிருக்கும்.