வால் கனத்த ரேடியோ கன்ட்ரோல் மாதிரிப் போர்விமானங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தண்டையார்பேட்டை உறுப்பினர்:
தண்டர்போல்ட் போர்விமானத்தின் மாதிரி கிட்டை முடித்து, 46 அளவு டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பூட்டி, டேங்கை நிரப்பி, வரைபடம் காட்டிய இடத்தில் விரல் வைத்துத் தூக்கியபோது விமானம் அசையாமல் நின்றதால், சமன் சரி என்றே நம்பினேன். எண்ணூர் தாண்டி உப்பளத்தருகே ஏழெட்டு நிமிடம் ஒழுங்காகப் பறந்தது. இறக்குவதற்கு வேகத்தைக் குறைத்ததும், எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) நான் தொடாமலே மூக்கு மேலெழுந்தது. அழுத்தினால் குப்புறப் பாய்ந்தது. இழுத்தால் ஓர் இறக்கை சரிந்து சேற்றில் குத்தியது. கையில் எடுத்த டேங்கில் ஒரு சொட்டு எரிபொருள் இல்லை. அந்தக் காலி டேங்க்தான் இன்னும் உறுத்துகிறது.

இராயபுரம் உறுப்பினர்:
டேங்கின் மீது பழி போடுவது பாதிதான் சரி. சமப்புள்ளிக்கு 12 செ.மீ. முன்னால் உள்ள 260 கிராம் எரிபொருள் தீர்ந்தால், 3 கிலோ விமானத்தின் எடைமையம் ஏறக்குறைய ஒரு செ.மீ. பின்வாங்கும், அதற்கே தடுமாறியது என்றால் உங்கள் விமானம் முன்பே விளிம்பில் இருந்திருக்கிறது. குட்டை மூக்குக்கு அந்த எஞ்சினின் எடை போதாது. நானும் அப்படித்தான் சின்ன எஞ்சினை வைத்துவிட்டு, காசிமேட்டில் தூண்டிலுக்கு விற்கும் ஈயக் குண்டுகளை 350 கிராம் வாங்கிக் கவுலுக்குள் (எஞ்சின் மூடி) எபாக்ஸிப் பசையில் பதித்தேன். கனத்துக்கு ஏற்ப இறங்கும் வேகமும் கூடியதால், வலப்பக்கச் சக்கரம் பிய்ந்து, விமானத்தை முந்திக்கொண்டு உருண்டோடியது. அந்த எடையை ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினாகவே சுமந்திருந்தால், பெரிய புரொப்பெல்லராவது சுழன்றிருக்கும்.

பெரம்பூர் உறுப்பினர்:
என்னுடையது வார்ஹாக். சக்கரங்களை விரித்துச் சமன் பார்த்தேன். அவை பின்னோக்கி மடங்குபவை என்பது, வானில் மடக்கியதும் வால் தொங்கியபோதுதான் உறைத்தது. மறுபடி விரித்தேன், அடங்கியது. அவ்வளவே.

இராயபுரத்து அண்ணா சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. கனத்த எஞ்சினைத் தேடும் முன் வாலைப் பாருங்கள், அங்கே ஏறும் ஒரு கிராமுக்கு மூக்கில் இரண்டு மூன்று கிராம் தண்டம் கட்ட வேண்டும். வாலின் பால்சா மரத்தை நன்றாகத் தேய்த்து, பெயின்ட்டையும் மெல்லிதாக அடியுங்கள். பேட்டரியை டேங்குக்கு அடியில் தள்ளுங்கள். டேங்க் காலியாக, சக்கரங்கள் மடங்கிய நிலையில், இறக்கை கீழே உள்ள விமானம் என்பதால் தலைகீழாகக் கவிழ்த்துத் தூக்குங்கள். முதல் பறப்புக்கு எடைமையம் சராசரி இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தில் இருந்தால் போதும்; நுனி குறுகும் இறக்கையில் அடிப்பாகத்தை மட்டும் அளந்தால் கணக்குத் தப்பும். ஈயம் தேவைப்பட்டாலும் எபாக்ஸி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். நாலு பறப்புக்குப் பிறகு கொஞ்சம் கழற்றத்தான் தோன்றும்.