அக்சியோ விலையில் பழைய பென்ஸ்: குடும்பத்துக்கு ஏற்றதா?

உவர்மலையான்:
அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் ஒருவர் தமது 2010ஆம் ஆண்டு மெர்சிடிஸ் சி 200 காரை (டபிள்யூ 204 வகை, 1.8 லீற்றர் பெற்றோல்) விற்கவிருக்கிறார். அவர் கேட்கும் தொகைக்கு இங்கே ஒரு ரொயோட்டா அக்சியோதான் கிடைக்கும். நாங்கள் ஐந்து பேர்: மனைவி, வளர்ந்த இரு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா, நான். அம்மாவின் சிகிச்சைக்காக அடிக்கடி கொழும்பு சென்று வர வேண்டியிருக்கிறது. மற்றைய நாட்களில் ஓட்டம் திருகோணமலை நகருக்குள்ளேதான். லீசிங் எடுக்காமல் சேமிப்பிலிருந்தே வாங்குவதாக எண்ணம். உறவினர் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்; ஏன் என்று கேட்டால் "பென்ஸ் என்றால் செலவு" என்பதற்கு மேல் ஒருவரும் விளக்குவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
உறவினர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில், உள்ளே இருந்த ஜப்பானிய கார்களுக்கு அவற்றின் தகுதிக்கு மிஞ்சிய விலை ஏறிவிட்டது. ஆகவே பென்ஸ் மலிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அக்சியோ வீங்கிவிட்டது என்பதே சரி. அதற்கு மேல், ஒரு சொகுசுக் காரின் விலை வயதோடு விழுந்தாலும் அதன் உதிரிப்பாகங்களின் விலை அப்படி விழுவதில்லை. இன்று அக்சியோவின் விலைக்கு வாங்கும் காரை, நாளை பென்ஸின் விலைக்குத்தான் திருத்துவீர்கள். அந்த எஞ்சினுக்கு ஒக்ரேன் 95 பெற்றோலும் வேண்டும். அது 92ஐ விட விலை கூடியது, எல்லா எரிபொருள் நிலையங்களிலும் எந்நேரமும் இருப்பதுமில்லை. விற்க நினைக்கும் நாளில், நம் ஊரில் அக்சியோவுக்கு வரும் ஆட்களில் கால்வாசிப் பேர்கூட இதற்கு வர மாட்டார்கள்.

பழையவண்டி:
கணக்குப்பிள்ளை ஐயா பணத்தை மட்டும் எண்ணுகிறார். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை வீதியில் நிற்கும் என்பது இங்குள்ள யாருக்கும் புதிதல்ல. திடீரெனப் பிரேக்கை அழுத்தி வண்டியைத் திருப்ப நேர்ந்தால், அது சுழலாமல் நேராக நிற்பதற்கு உதவும் நிலைப்புக் கட்டுப்பாடு டபிள்யூ 204இல் அடிப்படையிலேயே உண்டு. ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் யூரோ என்கேப் சோதனையில் அந்த வகை ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதே காலத்தில் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட அக்சியோக்களில், பக்கவாட்டுக் காற்றுப்பைகள் கூடுதல் பணம் கொடுத்தால்தான் கிடைத்தன. உதிரிப்பாகங்கள் பற்றிய பயமும் பாதி மிகைதான்: லெம்ஃபோர்டர், சாக்ஸ், பொஷ் போன்ற நிறுவனங்களின் பாகங்களைக் கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் கேட்டு வாங்கலாம். பென்ஸின் நட்சத்திரச் சின்னமுள்ள பெட்டிக்காகவே அதிகப் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

கிண்ணியா பட்டறை:
இருவரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பொனட்டைத் திறந்து பார்ப்போம். 2010 சி 200இல் இருப்பது எம் 271 எஞ்சின். அதில் ரைமிங் செயின் (எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) நீள்வதும், அது சுழற்றும் கேம்ஷாஃப்ற் தண்டின் முனையிலுள்ள பற்சக்கரங்கள் தேய்வதும் உலகறிந்த குறை. இரவு முழுதும் குளிர்ந்து நின்ற எஞ்சினைக் காலையில் இயக்கும்போது, முதற் சில வினாடிகளுக்குக் கடகடவென்று சத்தம் வந்தால் அந்த வேலை நெருங்கிவிட்டது என்று பொருள். ஆகவே நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், அன்று பார்க்காமல் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஐந்து வேக ஒட்டோ கியர்பொக்ஸ் நல்லது, உழைக்கும். ஆனால் அதன் மின்னிணைப்பு முனையில் ஒயில் கசிந்து, வயர் வழியே கட்டுப்பாட்டுப் பெட்டி வரைக்கும் ஏறிய வண்டிகள் உண்டு. மூன்றாவது, ஸ்டீயரிங் பூட்டின் சிறிய மோட்டார். அது செயலிழந்தால் சாவி திரும்பாது, வண்டி இயங்காது, கணினி கொண்டு பொருத்தாமல் சரிவராது. இதே நோய் அக்சியோவுக்கு வருவதில்லை. வேறு எது வந்தாலும் நகரில் நாலு இடத்தில் ஆள் இருக்கிறது. பென்ஸுக்கென்று உரிய கணினியும் அனுபவமும் உள்ளவரைத் தேடினால், பெரும்பாலும் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருக்கும். கொழும்பென்றால், ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரத்துக்கு வண்டியை லொறியில் ஏற்றி அனுப்பும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. குளிர்நாடுகளில் வீதிக்கு உப்புத் தூவுவதால் இந்த வகையின் பின்பக்க அடிச்சட்டம் துருப்பிடித்ததுண்டு. நம் ஊரில் வீதிக்கு யாரும் உப்புத் தூவுவதில்லை, அந்த வேலையைக் கடற்காற்று பார்த்துக்கொள்கிறது. வண்டியைத் தூக்கி அடியைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

பழையவண்டி:
பட்டறை நானா சொன்ன மூன்றையும் ஏற்கிறேன், ஆனால் மூன்றும் வாங்குமுன் கண்டுபிடிக்கவோ, வாங்கியதும் ஒரு தடவை செய்து முடிக்கவோ கூடியவை. கேட்கும் விலையில் அந்தத் தொகையைக் குறைத்துப் பேரம் பேசுவதுதானே முறை?

கணக்குப்பிள்ளை:
ஒரு தடவை செய்து முடிக்கக் கூடியவை என்பது உண்மைதான், அவை ஒவ்வொன்றாக வந்தால். பதினைந்து வயது கடந்த காரில் இரப்பர், சென்சர், குளிரூட்டி எல்லாம் ஒரே வயதுடையவை. காற்றுப்பைகளுக்கும் அதே வயதுதான்: டகாட்டா நிறுவனத்தின் குறைபாடுள்ள காற்றுப்பைகளை மாற்றித் தருவதற்கான திரும்பப்பெறல் அறிவிப்பில் டபிள்யூ 204உம் இருந்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்கு மாற்றப்பட்டதா என்று உறுதிசெய்யாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பாலையூற்றுக்காரி:
ஐந்து பேர் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். ஒருவரும் இருக்கையைப் பற்றிப் பேசவில்லையே! அந்தக் கார் பின்சக்கரத்தால் ஓடுவது. எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு செல்வதற்காகப் பின்னிருக்கையின் நடுவே தரை உயர்ந்து நிற்கும். நடுவில் இருப்பவர் ஹபரணை வருமுன்னரே காலை எங்கே வைப்பது என்று சண்டை பிடிப்பார். அம்மாவுக்கு முன்னிருக்கை என்றால், மனைவியும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும் பின்னால். முன்னிருக்கையைப் பின்னே தள்ளினால் முழங்கால் இடமும் தாராளமாக இராது. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்புவதும் முழங்கால் வலிக்காரருக்கு எளிதல்ல, ஆனால் அந்தக் குறை அக்சியோவுக்கும் உண்டு.

உவர்மலையான்:
சகோதரி எழுதியது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை கொழும்பு போகும்போது ஐவரும் சேர்ந்து போய் அந்தக் காரில் ஏறி இருந்து பார்ப்போம். அம்மாவால் ஏறி இறங்க முடிந்தால் மட்டுமே எஞ்சினைப் பற்றிய பேச்சு. விற்பவரிடம் சேசிஸ் எண்ணை இன்றே கேட்டிருக்கிறேன்.

பழையவண்டி:
நல்லது. இடம் போதாதென்றால் இ வகுப்பில் டபிள்யூ 212 ஒன்றைப் பாருங்கள், பின்னால் இடம் அதிகம்.

கணக்குப்பிள்ளை:
செலவும் அதிகம். அதை எழுத மறந்துவிட்டீர்கள்.

கிண்ணியா பட்டறை:
எந்த வண்டியானாலும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகள் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.