சண்டை ஆட்டத்தில் ‘மேட்ச்-அப்’: என் பரிந்துரை ‘தோது’

நண்பர்களுக்கு வணக்கம்.

திரையில் இரண்டு ஆட்களை மோதவிட்டு விளையாடும் சண்டை ஆட்டங்களில், எந்த ஆளுக்கு எதிராக எந்த ஆளுக்கு எவ்வளவு சாதகம் என்பதை ‘மேட்ச்-அப்’ என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் இதுவரை நான்கு தமிழ்ச்சொற்கள் வந்திருக்கின்றன: மோதிணை, எதிர்ப்பொருத்தம், வலியறிதல், ஈடு. ஐந்தாவதாக நான் ஒன்றை வைக்கிறேன். தோது. திருநெல்வேலிப் பக்கம் நாளைக்குப் பத்துத் தடவை வாயில் வரும் சொல்தான். ஏன் இதை எடுக்கவேண்டும் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி கேட்ட கேள்வி.

> இரண்டு பேர் மோதினால் கெட்டிக்காரன் ஜெயிப்பான். இதற்கு எதற்குத் தனியாக ஒரு சொல்?

அண்ணாச்சி, சண்டை ஆட்டத்தில் மோதுவது நாலு பேர். வெளியே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், திரைக்குள் அவர்கள் எடுத்த இரண்டு ஆட்கள். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் கைல் என்று ஒரு ராணுவக்காரன். பின்பக்கம் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்து, சட்டென்று முன்னால் தள்ளிக் குத்தினால் அவன் கையிலிருந்து காற்றலை ஒன்று கிளம்பிப் போகும். எதிரே ஜாங்கீஃப், ருஷ்ய மல்யுத்தக்காரன், மலை மாதிரி உடம்பு. கிட்டே வந்து பிடித்துவிட்டான் என்றால், மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் உயிர்க்கோட்டில் பெரிய துண்டு போய்விடும். ஆனால் கிட்டே வரவேண்டுமே! கைல் தூரத்தில் நின்றபடி அலை அலையாக விட்டுக்கொண்டிருப்பான். ஜாங்கீஃப் ஒவ்வோர் அடியாக நகர்ந்து வரவேண்டும். வெளியே இருக்கும் இருவரும் சமத் திறமைக்காரர்கள்தான். ஆனாலும் களம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது.

அந்தச் சரிவுக்குத்தான் பெயர் கேட்கிறோம். அதை எண்ணிலும் சொல்வார்கள். சமத் திறமையுள்ள இருவர் பத்து ஆட்டம் ஆடினால் ஒருவர் 6, மற்றவர் 4 ஜெயிப்பார் என்று தோன்றினால் 6-4. 7-3 என்றால் ஒருவர் பாடு திண்டாட்டம். இரண்டு பேரும் ஒரே ஆளை எடுத்தால் 5-5.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம். மோதிணை இலக்கணப்படி சுத்தமான வினைத்தொகை. ஆனால் ‘இணை’ என்றாலே சமம் என்ற பொருள் கூடவே வந்துவிடுகிறது. இணையற்றவன், இணையாக நின்றான் என்றெல்லாம் சொல்கிறோம். நாம் பேச வந்தது சமமில்லாத நிலையை. இன்னொன்றும் இருக்கிறது. இணையத்தில் விளையாடும்போது நம் தரத்துக்கு ஏற்ற எதிராளியை ஆட்டமே தேடித் தருகிறது இல்லையா, அதை ‘இணைசேர்த்தல்’ என்றால் கச்சிதமாக இருக்கும். ‘இணை’யை அந்த வேலைக்கு விட்டுவைப்போம்.

எதிர்ப்பொருத்தத்தை முன்வைத்த நண்பர் ஜாதகத்தின் பத்துப் பொருத்தத்தை நினைவூட்டியிருந்தார். பத்துக்கு எத்தனை என்று எண்ணுவது இரண்டுக்கும் பொது என்பதால் எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஜாதகத்தில் பெண்ணுக்கு 7 பொருத்தம் என்றால் மாப்பிள்ளைக்கும் அதே 7. இங்கே ஒருவனுக்கு 7 என்றால் மற்றவனுக்கு 3. அடிப்படையே புரண்டுவிடுகிறது.

வலியறிதல் குறளின் 48-ஆம் அதிகாரத் தலைப்பு. மரியாதைக்குரிய சொல், ஆனால் அறியும் செயலுக்கு உரியது. அறியப்படும் பொருளுக்கு அது ஆகாது.

ஈடு எனக்குப் பிடித்த சொல். அதை அப்புறம் வேறிடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

‘தோது’ எங்கிருந்து எனக்குக் கிடைத்தது என்று சொல்கிறேன். அக்கா மகன் பதினோராம் வகுப்பு. லீவுக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் இரவெல்லாம் டெக்கன் 8 என்ற சண்டை ஆட்டம்தான். அவன் எடுப்பது கிங், சிறுத்தை முகமூடி போட்ட மல்யுத்தக்காரன். நான் எடுப்பது லா என்ற ஆளை. போன லீவில் அவன் என்னை வரிசையாகத் தோற்கடித்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பாவம் பார்த்துச் சொன்னான்: “மாமா, உங்க லாவுக்குக் கிங்கு தோதுப்படாது. வேற ஆள எடுங்க.”

அன்று தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் நாம் தேடிய சொல்லை ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் யோசிக்காமல் எடுத்துப் போட்டுவிட்டானே என்று அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

தோது என்பது ஒற்றைப் பொருளின் குணமாக இருக்கவே முடியாது. நல்ல சட்டை, பெரிய பானை என்று தனியாகச் சொல்லலாம். தோதான மூடி என்றால் எந்தப் பானைக்கு என்ற கேள்வி உடனே வரும். ‘அந்த இடம் தோதுப்படலை’ என்று சம்பந்தம் பேசப் போனவர்கள் திரும்பி வந்து சொன்னால், பெண் வீட்டையும் குறை சொல்லவில்லை, மாப்பிள்ளை வீட்டையும் குறை சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ளதைச் சொல்கிறார்கள். கைல் பலசாலி என்பதும் ஜாங்கீஃப் பலசாலி என்பதும் வேறு பேச்சு. இருவருக்கும் நடுவே உள்ளது தோது.

இரண்டாவது, திசை. ‘லாவுக்குக் கிங் தோதில்லை’ என்னும்போது நான்காம் வேற்றுமை உருபே யார் பக்கமிருந்து பார்க்கிறோம் என்று காட்டிவிடுகிறது. ‘கிங்குக்கு லா தோது’ என்று திருப்பிப் போட்டால் எண்ணும் கூடவே திரும்புகிறது, 4-6 என்பது 6-4 ஆகிறது. மோதிணையிலோ பொருத்தத்திலோ இதற்கு வழியில்லை.

மூன்றாவது, மேலப்பாளையத்திலிருந்து எழுதும் நண்பரின் தடை.

> தோது என்றாலே ‘நல்லபடி அமைவது’ என்றுதானே பொருள்? மோசமான மேட்ச்-அப்பை எப்படித் தோது என்பது?

நியாயமான தடைதான். ஆனால் தமிழ் இதற்கு முன்பே வழி வைத்திருக்கிறது. தாமிரபரணியில் இறங்குமுன் ‘ஆழம் எவ்வளவு?’ என்று கேட்கிறோம். ‘முழங்கால் ஆழம்’ என்று பதில் வந்தாலும் சொல் தவறாகிவிடுவதில்லை. கட்டையான ஆளிடமும் ‘உயரம் எவ்வளவு?’ என்றுதான் கேட்கிறோம். கூடுதலான பக்கத்துச் சொல்லே அளவு முழுவதற்கும் பெயராகிவிடுகிறது. அதேபோல ‘தோது எவ்வளவு?’ என்று கேட்டு ‘3-7’ என்று பதில் சொல்வதில் எனக்கு இடறவில்லை. நல்ல தோது, கெட்ட தோது, சமத்தோது என்று அடைமொழியும் ஏற்கிறது.

பேச்சுச்சொல் கலைச்சொல் ஆகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘சொடுக்கு’ விரலில் இருந்ததுதானே? கணினிச் சுட்டியின் பொத்தானுக்குப் போய் இன்று பாடநூல் வரை வந்துவிட்டது. ‘கோப்பு’ம் கணினிக்கு முன்பே அலுவலக மேசையில் இருந்த சொல்தான். ‘ஏலே, எந்த ஆளைலே எடுக்கே?’ என்று கேட்கும் பையன் வாயில் நுழையாத சொல்லை நாம் இங்கே ஒருமனதாக ஏற்றுக்கொண்டும் பயனில்லை. ‘கதாபாத்திரம்’ என்பதற்குப் பதிலாக நான் ‘ஆள்’ என்றே எழுதிவருவதும் அதனால்தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘மேட்ச்-அப்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. இரண்டு ஆட்களுக்கு நடுவே உள்ள சரிவுக்கும் அதுதான் பெயர், அந்த எதிராளைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்பதற்கும் அதுதான் பெயர். அதனால் விளையாடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தெரியாமல் தோற்றுவிட்டு, மேட்ச்-அப் மோசம் என்று பழியை ஆட்டத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். நானும் கிங்கிடம் பல மாதம் அப்படித்தான் இருந்தேன்.

ஜப்பானியர் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். எண்ணாகச் சொல்லும் சரிவுக்கு ‘தையாகுராமு’. குறிப்பிட்ட ஆளைச் சமாளிக்கத் தயார்செய்வதற்கு ‘கியாரா தாய்சாகு’, அதாவது ஆளுக்கான மாற்று ஏற்பாடு. இன்னொரு சொல்லும் உண்டு, ‘வகரன்-கொரொஷி’. எதிராளிக்கு இன்னதென்று விளங்காத அடியாலேயே அவனைச் சாய்ப்பது. இந்த மூன்றாவது சொல்லைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் தோல்விகள் எனக்கே விளங்கின. அதற்கு ‘அறியா அடி’ என்று சொல்லிப் பார்க்கிறேன்.

கிங் விஷயத்தில் நடந்தது இதுதான். அவனுடைய பலம் பிடி. டெக்கனில் நின்றபடி பிடிக்கும் பிடி பொதுவாகத் தலைமட்டத்தில் வரும். குனிந்தால் தப்பலாம். பிடிபட்ட பிறகும் உடனே சரியான பொத்தானை அழுத்தினால் விடுபடலாம். சில பிடிக்கு இடது குத்து, சிலவற்றுக்கு வலது குத்து, சிலவற்றுக்கு இரண்டும் சேர்த்து. எது என்று கண்டுபிடிப்பது எதிராளியின் கையைப் பார்த்து. இடக்கை முன்னால் நீண்டால் இடது, வலக்கை என்றால் வலது, இரண்டு கையும் என்றால் இரண்டும். தூக்கிச் சுழற்றி எறிவானே, அந்த ஜெயண்ட் ஸ்விங், அதற்கு இடது.

இது எனக்குத் தெரியாது. பிடித்தால் பிடித்ததுதான் என்றே நினைத்திருந்தேன். மருமகனிடம் கேட்டபோது, “நீங்க நின்னுக்கிட்டே இருக்கியோ மாமா, அதான் பிடிக்கேன்” என்றான். சரி என்று குனிய ஆரம்பித்தேன். உடனே அவன் நடுமட்டத்தில் அடிக்க ஆரம்பித்தான். குனிந்தவனுக்கு நடுமட்ட அடியைத் தடுக்க முடியாது. இப்படி இரண்டு பக்கமும் நெருக்கும்போதுதான் கிங் கிங்காக இருக்கிறான்.

அப்புறம் பயிற்சிக்களத்தில் உட்கார்ந்தேன். பொம்மையாளாகக் கிங்கை நிறுத்தி, மூன்று பிடிகளைப் பதிவுசெய்து, எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி வரவைத்தேன். முதலில் இரண்டு கையும் நீள்வதை மட்டும் கண்டுகொள்ளப் பழகினேன், இடது வலதைப் பற்றிக் கவலையே படவில்லை. அது கண்ணுக்குப் படிந்த பிறகுதான் மற்ற இரண்டும். ஆடி முடித்த ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி, அந்த இடத்திலிருந்து நாமே கையிலெடுத்து ஆடிப்பார்க்கும் வசதி டெக்கன் 8-இல் இருக்கிறது. எங்கே பிடிபட்டேனோ அங்கேயே திரும்பத் திரும்பப் போய் நின்றேன்.

கூடவே கணக்கும் கொஞ்சம் வேண்டியிருந்தது. இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. டெக்கனில் பெரும்பாலான ஆட்களின் வேகமான குத்து 10 ஃபிரேமில் போய்ச் சேரும். எதிராளியின் அடியை நாம் தடுத்ததும் அவன் சுதாரிக்க நம்மைவிட 10 ஃபிரேம் கூடுதலாக எடுத்தான் என்றால், அந்த இடைவெளியில் நம் குத்து அவனுக்கு உறுதி. எந்த அடிக்குப் பிறகு அந்த இடைவெளி இருக்கிறது என்பதை ஆளுக்கு ஆள் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் லாவுக்கும் கிங்குக்கும் நடுவே உள்ள தோது துளியும் மாறவில்லை. அது ஆட்டத்தைச் செய்தவர்கள் மாற்றினால்தான் மாறும். மாறியது நான் அவனுக்கு ஈடுகொடுத்தது. இங்கேதான் ‘ஈடு’ தன் இடத்தில் போய் உட்காருகிறது என்று நினைக்கிறேன். கெட்ட தோதுக்கு ஈடுகொடுக்கப் பழகுதல். ஜப்பானியரின் அந்த இரண்டாவது சொல்லுக்கு நேர் இதுதான். அதற்கு வேண்டிய அறிவு ‘தோதறிவு’. பிடியிலிருந்து விடுபடுவது, விஷமுறி என்கிறோமே அந்த வழியில், ‘பிடிமுறி’.

தோது வேறு, ஈடு வேறு என்று பிரிப்பது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்பதற்கு ஒரு சான்று. 2019-இல் பாகிஸ்தானின் அர்சலான் ஆஷ் முதலில் ஜப்பானில் ஈவோ என்னும் பெரிய சண்டை ஆட்டப் போட்டியிலும், அதே ஆண்டு லாஸ் வேகாஸ் ஈவோவிலும் டெக்கன் 7-இல் பட்டம் வென்றார். அதுவரை உலகம் பாகிஸ்தான் ஆட்டக்காரர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. எங்கள் ஊரில் இன்னும் பலமானவர்கள் இருக்கிறார்கள் என்றார் அவர். டெக்கனில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த கொரிய ஆட்டக்காரர் ஒருவர் (அவருடைய பட்டப்பெயர் ‘நீ’, முழங்காலைக் குறிக்கும் ஆங்கிலச்சொல்) நேரே பாகிஸ்தானுக்கே போய் அவர்களோடு ஆடிப் பார்த்தார். தோதைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்ளப் போனார்.

பழைய டெக்கன் 3 காலத்தையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். வண்ணார்பேட்டையில் காசு கொடுத்து மணிக்கணக்கில் விளையாடிய நாட்களில் எட்டி கோர்டோ என்ற ஆளை எடுத்தவனிடம் யாரும் ஆடமாட்டோம். உதைப் பொத்தான்களை வாரியடித்தால் போதும், கையை ஊன்றிச் சுழன்று சுழன்று உதைப்பான். அவன் ஆளே மோசடி என்று எல்லோரும் சொன்னோம், அவனைத் தள்ளியே வைத்தோம். இன்றைக்குத் தெரிகிறது, பாதி அறியா அடி. கீழ்மட்ட உதையைக் குனிந்து தடுத்துவிட்டு எழும்போது அடிக்கலாம் என்று அன்று ஒருவர் காட்டிக்கொடுத்திருந்தால் போதும். அந்தப் பையனும் எங்களோடு சந்தோஷமாக ஆடியிருப்பான்.

மற்றவை சுருக்கமாக. எல்லா ஆட்களையும் குறுக்கும் நெடுக்கும் எழுதி எண் போடும் அட்டவணை, தோதுகட்டம். எதிராளி யாரை எடுத்தான் என்று பார்த்துவிட்டு நம் ஆளை எடுப்பது, தோது பார்த்து எடுத்தல்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவு வேண்டும். காதுகுத்து என்பதில் வல்லினம் மிகவில்லை. தோதுவும் அதேபோல நெடில்தொடர்க் குற்றியலுகரம்தான், அதனால் தோதுகட்டம் என்று எழுதினேன். ஆனால் ‘தோதுப்படும்’ என்னும்போது எங்கள் பக்கத்து நாக்கு ப்-ஐ அழுத்தியே சொல்கிறது, எழுதும்போதும் அப்படியே எழுதிவிடுகிறோம். எழுத்தில் ஒற்றை வைப்பதா, எடுப்பதா? அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி இதைப் பார்த்துச் சொல்லவேண்டும். சொல்லும்வரை நான் ஒற்றோடு எழுதிவருகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து