நம் ஊர் ஈரத்தில் ஸ்டேட்டிக் வருமா? திரும்பி வரும் போர்டுகள்

காக்கிபுக்கிட்_டெக்
வணக்கம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். மோட்டார் கன்ட்ரோலர், ஆட்டோமேட்டிக் கேட் போர்டு மாதிரி வரும். சரிசெய்து, ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். இருந்தும் சில போர்டுகள் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுகின்றன. பார்த்தால், புதிதாக மாற்றிய மாஸ்ஃபெட்டே (மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) போயிருக்கிறது. எனக்கு ஸ்டேட்டிக் (உரசலால் உடம்பிலும் பொருள்களிலும் சேரும் நிலைமின்சாரம்) மேல்தான் சந்தேகம். முதலாளியோ, "தம்பி, இந்த ஊர் ஈரத்தில் ஸ்டேட்டிக் எங்கே வரும்? யாருக்காவது சுருக்கென்று அடித்திருக்கிறதா?" என்று கேட்கிறார். ஸ்டேட்டிக்கை வடிக்கும் பழைய நீல மேட் ஒன்று மேசையில் கிடக்கிறது. உடம்பில் சேருவதை எர்த்துக்கு அனுப்பும் ரிஸ்ட் ஸ்ட்ராப் ஒன்றை எல்லோரும் மாற்றி மாற்றிக் கட்டுகிறோம். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? செலவு குறைவாக எங்கே தொடங்கலாம்?

உட்லண்ட்ஸ்_அக்கா
தம்பி, போர்டு அசெம்பிளி லைனில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் முதலாளி கேட்டதையே அவர்களும் கேட்பார்கள்.

வெளியே சராசரி ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் ஏர்கான் அறைக்குள் அல்லவா உட்கார்ந்திருக்கிறீர்கள்? குளிர்விக்கும்போதே அது காற்றின் ஈரத்தையும் வடித்துவிடுகிறது. குழாயில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்தான். ஓர் ஈரப்பதமானி வாங்கி மேசையில் வையுங்கள். முதலாளி தானே எண்ணைப் பார்க்கட்டும்.

அடுத்து, "அடித்திருக்கிறதா" என்ற கேள்வி. விரலுக்குச் சுருக்கென்று தெரிய ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டுக்குக் கீழேயே கெடும் சில்லுகள் உண்டு. பயிற்சிகளில் வழக்கமாகக் காட்டும் ஒரு பட்டியல் இருக்கிறது. வறண்ட காற்றில் கம்பளத்தின் மேல் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறும். ஈரப்பதம் 65 முதல் 90 சதவீதம் இருந்தால் அதே நடைக்கு 1,500. மேசையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தால், அந்த ஈரத்திலும் 1,200. குறைகிறது, சரி. ஆனால் இந்த 1,200, 1,500 எல்லாம் நம் விரலுக்குத் தெரியாத அளவு. உங்கள் மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டை எடுத்து முதலாளியிடம் காட்டுங்கள். அதன் கேட் என்ற கட்டுப்பாட்டு முனை தாங்குவது பெரும்பாலும் 20 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். அடி வாங்கியதும் செத்துவிட்டால் டெஸ்டிலேயே பிடித்துவிடலாம். பாதி அடிபட்டது டெஸ்டில் ஓடிவிட்டு, வாடிக்கையாளரிடம் போய்ப் படுக்கும்.

மேட் "கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கவலையாகிவிட்டது. எர்த் வயர் இல்லாத மேட் வெறும் ரப்பர் விரிப்பு. ஸ்ட்ராப்பும் ஆளுக்கு ஒன்று வேண்டும், சட்டைக் கைக்கு மேல் இல்லாமல் தோலில் பட வேண்டும், தினமும் வேலை தொடங்கும் முன் டெஸ்டரில் பார்க்க வேண்டும். கட்டியிருக்கும்போது மொத்த ரெசிஸ்டன்ஸ் 35 மெகாஓமுக்குள் இருந்தால் சரி. வெளியே முழுசாகத் தெரியும் வயர் உள்ளே அறுந்திருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் என் முதல் செலவு டெஸ்டராகத்தான் இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கோட்டைவிடும் இடம் பிளாஸ்டிக். அதற்கு எர்த் கொடுத்துப் பயனில்லை, மின்னூட்டம் அதில் ஓடாது. கோப்பி கட்டிவந்த பை, பபிள் ராப், ஸ்டைரோஃபோம், சாதா டேப் எல்லாவற்றையும் போர்டிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை, இன்றைக்கே செய்யலாம். பக்கத்தில் வைத்தே ஆகவேண்டிய பிளாஸ்டிக் இருந்தால்தான், அதன் மின்னூட்டத்தைச் சமன்செய்யும் அயனியாக்கும் விசிறி தேவை.

சர்வர்_ரூம்_ராஜா
அக்கா சொன்னதோடு, போர்டைப் போட்டு வைக்கும் பையையும் கவனியுங்கள் ப்ரோ. இளஞ்சிவப்புப் பை தானாக ஸ்டேட்டிக் அதிகம் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் அடியைத் தடுப்பது வெள்ளி நிறப் பை. ஓட்டை விழுந்த, கசங்கிய பையைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம், எல்லாப் பழியையும் ஸ்டேட்டிக் மேல் போடவும் வேண்டாம். மாஸ்ஃபெட்டை இயக்கும் கேட் டிரைவர் சரியா, சூட்டைக் கடத்தும் ஹீட்சிங்க் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். மாஸ்ஃபெட் அதனாலும் போகும்.

காக்கிபுக்கிட்_டெக்
மிக்க நன்றி. டேட்டாஷீட்டைப் பிரின்ட் எடுத்துவிட்டேன். ஒரு பயம் இருக்கிறது. எர்த்தோடு கட்டிய கையால் 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டால்?

உட்லண்ட்ஸ்_அக்கா
நல்ல வேளை கேட்டீர்கள். ஸ்ட்ராப் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதே அதற்காகத்தான். 230 வோல்ட் பட்டாலும் அந்த வழியாக 0.23 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. ரெசிஸ்டர் இல்லாத வெறும் வயரை ஒருநாளும் கையில் கட்டாதீர்கள். ஆனால் கரண்ட் இருக்கும் மோட்டார் கன்ட்ரோலரில் கைவைப்பதென்றால் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிடுங்கள். அதன் கப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், கரண்டை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் இருக்கும். வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகு திரும்பக் கட்டுங்கள்.

எர்த்துக்கு, சுவர் சாக்கெட்டின் எர்த்தை மட்டும் எடுத்துத் தரும் பிளக் விற்கிறார்கள். சிம் லிம் டவரில் கேட்டுப் பாருங்கள். மேட், ஸ்ட்ராப் இரண்டும் அந்த ஒரே புள்ளிக்குப் போகட்டும். உங்கள் கட்டடம் பழையது என்றால், சாக்கெட்டின் எர்த் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரிஷியனை வைத்து முதலில் சோதித்துவிடுங்கள்.