மீன் தொட்டியில் செடி வளர்க்க என்ன மண் போட்டீர்கள்? பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

செம்மண்டலம், கடலூர்:

என் கூத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2 அடிக்கு 1 அடி தொட்டி. வாங்கிய அன்றே சில்வர் பீச்சுக்குப் போய் ஒரு வாளி மணல் அள்ளி வந்தேன். கடலூரில் இருந்துகொண்டு மணலுக்குக் காசு கொடுப்பானேன் என்ற எண்ணம்தான். பத்துப் பதினைந்து தண்ணீர் மாற்றிக் கழுவினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கவில்லை. சரி, முடிந்தது என்று கொட்டிவிட்டேன்.

வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி ஜோராக வந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது. ரொட்டாலா என்ற செடி நட்டேன், நுனி வெளுத்துச் சுருண்டது. இரும்பு உரம் ஊற்றினேன், கேட்கவில்லை. கடைசியில் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மை) பார்த்தால் 8.2, காரம். ஒரு பிடி மணலில் வினிகர் விட்டேன், சோடா போல நுரைத்தது. எல்லாம் கிளிஞ்சல் தூள். உப்பு கழுவினால் போய்விடும், சுண்ணாம்பு எங்கே போகும்? தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதைக் கடினமாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வாலிஸ்நேரியாவுக்குக் கடினநீர் பிடிக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது தொட்டி காலி. அக்வா சாயில் (நீர்ச்செடிக்கென்றே கடையில் விற்கும் மண்) வாங்கலாமா?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

வாங்குங்கள், ஆனால் என்னைப் போல அவசரப்படாதீர்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டி, செடி நட்டு, மறுநாளே பத்து நியான் டெட்ரா மீன் விட்டேன். மூன்றாம் நாள் எட்டு மிதந்தன. புது சாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியா கக்கும் என்று விற்றவரும் சொல்லவில்லை, மூட்டையில் இருந்ததை நானும் படிக்கவில்லை. செடிக்கு அது சாப்பாடு, மீனுக்கு விஷம்.

இன்னொன்று. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துக் கிடக்கும். அக்வா சாயில் பிஎச்சை இறக்கித் தருவது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட தண்ணீரை வாராவாரம் ஊற்றினால் அந்தச் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். எனக்கு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலக்கிறேன். மண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள் தம்பி.

பண்ருட்டிப் பக்கம்:

எனக்கு எட்டு வருஷமாக முந்திரிக்கொல்லைச் செம்மண்தான். இரும்புச் சத்து உண்டு, அதிலுள்ள களிமண் உரத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். மருந்து அடிக்காத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும், அது முக்கியம்.

முதல் தடவை நானும் கெடுத்தேன். செடி கொழுக்கட்டும் என்று இரண்டு கை மாட்டெரு கலந்தேன். பத்தாம் நாள் மண்ணைக் குச்சியால் குத்தினால் அழுகின முட்டை நாற்றம், குபுகுபுவென்று குமிழி. வீட்டம்மா தொட்டியைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது செய்வது இதுதான். செம்மண்ணைச் சலித்து, ஊறவைத்து, மிதக்கும் சருகையும் வேரையும் வடித்து, வெயிலில் காயவைப்பேன். இதையே மூன்று நான்கு தடவை செய்தால் மக்க வேண்டியது மக்கிவிடும். தொட்டியில் 1 அங்குலம்தான், அதற்கு மேல் போடுவதில்லை. அதன்மேல் ஒன்றரை அங்குலம் கழுவிய ஆற்றுப் பொடிக்கல், 2 மில்லிமீட்டர் அளவு. முதல் வாரம் தினமும் பாதித் தண்ணீர் மாற்றுவேன். செடியைப் பிடுங்கிப் பிடுங்கி நடுகிற கை உள்ளவர்களுக்கு இது ஆகாது, ஒரு தடவை பிடுங்கினால் தொட்டி வெள்ளக் காலத்துக் கெடிலம் மாதிரி ஆகிவிடும்.

க்ரிப்ட் என்ற நீர்ச்செடியை நட்டால் இலையெல்லாம் கரைந்து போகும். செத்தது என்று வேரை எடுத்துவிடாதீர்கள், திரும்பத் துளிர்க்கும்.

முத்தியால்பேட்டை:

நான் சோம்பேறி. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்ற இரண்டு செடி மட்டும் வைத்திருக்கிறேன், கல்லில் நூலால் கட்டியாயிற்று. இவற்றின் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், அதனால் எந்த மண் என்ற கேள்வியே எனக்கு இல்லை. எம்-சாண்ட் மட்டும் போடாதீர்கள். விளிம்பெல்லாம் கூர், என் கோரி மீன்களுக்கு மீசை தேய்ந்து மொட்டையாகிவிட்டது.

செம்மண்டலம், கடலூர்:

எல்லோருக்கும் நன்றி. பண்ருட்டி ஐயா சொன்னபடியே செய்தேன். பொடிக்கல் மட்டும் 11 கிலோ பிடித்தது. இந்தத் தடவை கொட்டும் முன்பே வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. பதினெட்டு நாள் ஆகிறது. க்ரிப்ட் சொன்ன மாதிரியே கரைந்தது, கை பரபரத்தாலும் தொடாமல் இருக்கிறேன். நேற்று ஒன்றின் நடுவில் பழுப்பாக ஒரு குருத்து தெரிகிறது. ரொட்டாலா நுனியும் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. மீன் விடவில்லை.

மண்ணைக் கிளறிவிட மலேசிய நத்தை நல்லது என்கிறார்கள். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கடலூர்ப் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.