அக்கா மகனுக்காகக் கேட்கிறேன், கேஎல் (கோலாலம்பூர்) வக்கீல்கள் யாராவது இருக்கிறீர்களா?

போன சனிக்கிழமை ராத்திரி வேலை முடிந்து மோட்டாரில் வந்த என் அக்கா மகனைப் போலீஸார் பிடித்து, மறுநாள் சாயங்காலம் வரை லாக்காப்பில் வைத்து, வீட்டுக்கு ஒரு போன்கூடப் பண்ண விடாமல், அப்புறம் வழக்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவுப்படி உறவினருக்கும் வக்கீலுக்கும் சொல்ல உரிமை உண்டுதானே? பையனுக்கு இடது காது இன்னும் வீங்கியிருக்கிறது, கிளினிக் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2009இல் போலீஸ் காவலில் குகன் இறந்ததை அக்கா மறக்கவில்லை, புகாரே வேண்டாம் என்கிறார். 2005இல் போலீஸ் பற்றிய அரச ஆணையம் கேட்டது தண்டிக்கும் அதிகாரமுள்ள அமைப்பு, 2023 ஜூலையில் வந்த ஐபிசிசி (போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையம்) வேறு, அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. சரி, அங்கே புகார் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? முதலில் போலீஸ் ரிப்போர்ட் போடணுமா, அதை வேறு நிலையத்தில் போடலாமா? கட்டணம் குறைவாக வாங்கும் வக்கீல் தெரிந்தால் பிஎம் பண்ணுங்கள்.